மேமோகிராம்: எவ்வளவு சரி, யாருக்குச் சரி?

(திருவையாற்றில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் டாக்டர் இல்லை. முப்பது வருசம் இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல நர்ஸம்மாவாக நடந்து ஓய்வு பெற்றவள். மேடைப் பழக்கம் கிடையாது. ஆனால் போன வாரம் தோழர்கள் தயாரித்த கோரிக்கை மனுவை என்கிட்டப் படிக்கக் கொடுத்தாங்க. சுடுகாட்டுப் பாதை, மனைப் பட்டா, கூலி பாக்கி என்று வரிசையாகப் போகிறது. ஏழாவதாக ஒரு வரி: நாற்பது வயதைத் தாண்டிய சேரிப் பெண்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்க வேண்டும். இதை எழுதின தங்கச்சியின் அக்கறையை நான் மதிக்கிறேன். நம்ம மனுவுல பெண்ணின் உடம்பு ஒரு கோரிக்கையாக ஏறினதே பெரிய விஷயம். ஆனா அந்த வரியை அப்படியே கலெக்டர் கையில கொடுத்துடக் கூடாது. அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல ரெண்டு பெண்களைப் பத்திச் சொல்லணும்.

ஒருத்தி என் சித்தி மகள். 46 வயசு. 2019ஆம் வருசம் நாற்று நடும்போது இடது மார்புல ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. நம்ம பெண்கள் மார்புன்னு சொல்ல மாட்டாங்க, நெஞ்சுல கட்டின்னுதான் சொல்லுவாங்க. அப்போ ஒரு இலவச முகாம் நடந்தது. போனாள். வரிசையில நிக்க வச்சு மேமோகிராம் எடுத்தாங்க. 'இங்க ஒரு கட்டி இருக்குங்க'ன்னு சொல்லியிருக்கா. 'படத்துல தெரிஞ்சுடும், போம்மா'ன்னு அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒரு தாள் வந்தது. இயல்பாக உள்ளது என்று போட்டிருந்தது. என்கிட்டக் கொண்டு வந்து காட்டினாள். அந்தத் தாளை வாங்கிப் படிச்சு, 'ஒன்னும் இல்லடி, பயப்படாதே' என்று சொன்னவள் நான்தான். நானும் கை வச்சுப் பாக்கலை. பதினோரு மாசத்துல கட்டி தோலைப் பிடிச்சு இழுத்து, மேல் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அவள் இருந்தது ஒன்றரை வருசம். அந்தத் தாள் இன்னும் அவளோட டிரங்குப் பெட்டியில இருக்கு.

இன்னொருத்தர் எங்க தெரு அக்கா. 52 வயசு. அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. வேற ஒரு முகாம்ல படம் எடுத்தாங்க. சந்தேகமா இருக்கு, மறுபடி வான்னு சீட்டு. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் பதிமூணு கிலோமீட்டர். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு தாண்டணும். அக்காவுக்கு அதுக்கு முன்னால இன்னொரு பஸ்ஸும் உண்டு. நாலு தடவை போனார். ஒரு தடவை மிஷின் ரிப்பேர், ஒரு தடவை டாக்டர் லீவு, மூணாவது தடவை ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க, நாலாவது தடவை முடிவு. புற்றுநோய் இல்லை. நல்ல சேதிதான். ஆனா நடவு சீசன்ல நாலு நாள் கூலி போச்சு. ரெண்டு மாசம் தூக்கம் போச்சு. பக்கத்து வீட்டுல தண்ணிச் சொம்பை மாத்தி வச்சாங்க. இப்போ 'இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசப்படியும் மிதிக்க மாட்டேன்' என்கிறார்.

ஒருத்திக்கு நோய் இருந்தது, மிஷின் இல்லைன்னுச்சு. ஒருத்தருக்கு நோய் இல்லை, மிஷின் இருக்கலாம்னுச்சு. அப்போ மிஷின் பொய்யான்னு கேப்பீங்க. பொய் இல்லை. மிஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம். அறிவை ஒரு கூட்டம் தன் கையில வச்சுக்கிட்டு, முடிவை மட்டும் ஒரு தாளில் எழுதி நம்மகிட்டக் கொடுக்கிறதுங்கிறது நமக்குப் புதுசு இல்லையே.

மேமோகிராம் என்பது மார்பை ரெண்டு தகட்டுக்கு நடுவுல அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. கொழுப்பு அந்தப் படத்துல கருப்பாத் தெரியும். பால் சுரப்பித் திசுக்கள் வெள்ளையாத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். வயசான பெண்களுக்குச் சுரப்பி சுருங்கிக் கொழுப்பு கூடும். கருப்புல வெள்ளை பளிச்சுன்னு தெரியும். நாற்பதுகளில் இருக்கிற பெண்ணுக்கு, தீட்டு நிற்காத பெண்ணுக்கு, திசு அடர்த்தியா இருக்கும். வெள்ளை மேகத்துல வெள்ளைக் கொக்கைத் தேடுற கதைதான். நம்ம நாட்டுல இந்த நோய் மேலை நாட்டுப் பெண்களுக்கு வருவதைவிட ஏறத்தாழ பத்து வருசம் முன்னாடியே அதிகமா வருது என்பதை இதோட சேர்த்துப் பாருங்க. மிஷின் தடுமாறுகிற வயசுலதான் நம்ம பெண்கள் பலருக்கு நோய் வருது. பழைய பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அடர்த்தி கூடினவர்களுக்கும் டிஜிட்டல் படம் பிலிமைவிட நன்றாகக் கண்டுபிடித்தது. அப்பவும் கொக்கு முழுசாத் தெரிஞ்சிடலை.

இப்போ கணக்கு. மாணவர்கள் நோட்டை எடுங்க. அமெரிக்காவில் 2007 முதல் 2013 வரை எடுத்த 16 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் படங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோய் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 87 பேரைப் படம் பிடித்துக் கொடுத்தது, 13 பேரைத் தவறவிட்டது. நோய் இல்லாத நூறு பேரில் 89 பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது, 11 பேரை வீணாகக் கூப்பிட்டது. இது தேர்ந்த மருத்துவர்கள் படித்த கணக்கு.

இதை நம்ம வட்டாரத்துக்கு வச்சுப் பார்ப்போம். எந்தத் தொந்தரவும் இல்லாத பத்தாயிரம் பெண்களுக்குப் படம் எடுக்கிறோம். அதுல 30 பேருக்கு நோய் இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். மிஷின் 26 பேரைப் பிடிக்கும், 4 பேரை விட்டுடும். நோய் இல்லாத 9,970 பேரில் ஏறத்தாழ 1,100 பேரைத் திரும்பக் கூப்பிடும். ஆக, சீட்டு வாங்கி ஐந்து ஆறு தாண்டிப் போகிற 1,126 பேரில் நோய் உள்ளவர்கள் 26 பேர். நாற்பத்துமூணு பேருக்கு ஒருத்தர். நோய் அதிகமா உள்ள கூட்டத்துல இதே மிஷின் கெட்டிக்காரன் மாதிரித் தெரியும், குறைவா உள்ள கூட்டத்துல முட்டாள் மாதிரித் தெரியும். மிஷின் மாறலை. யாரைச் சோதிக்கிறோம் என்பது மாறியிருக்கு. 'மேமோகிராம் இத்தனை சதவீதம் சரி' என்று ஒருத்தர் சொன்னா உடனே கேளுங்க: எந்த வயசுப் பெண்களுக்கு? எந்த ஊர்ல? படத்தைப் படிச்சது யாரு?

சரி, கண்டுபிடிப்பதை விடுங்க, உயிரைக் காப்பாத்துதா? 2012இல் பிரிட்டனில் மார்மோட் தலைமையில் ஒரு குழு எல்லா ஆய்வுகளையும் அலசியது. 50 வயதில் கூப்பிட ஆரம்பித்து இருபது வருசம் சோதித்தால், பத்தாயிரம் பெண்களில் 43 பேரின் சாவு தடுக்கப்படும். ஆனால் 129 பேருக்கு, அவர்கள் ஆயுளில் ஒருபோதும் தொல்லை தந்திருக்காத கட்டிக்காக அறுவையும் மருந்தும் நடக்கும் என்றது. 43 உயிர் சின்ன விஷயம் இல்லை. 129 பேரோட வேதனையும் சின்ன விஷயம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

கனடாவில் 1980இல் தொடங்கிய ஆய்வு இன்னொரு கதை சொல்லுது. 40 முதல் 59 வயது வரையிலான 89,835 பெண்கள். ஒரு பாதிக்கு வருசா வருசம் மேமோகிராமும் கைப்பரிசோதனையும். இன்னொரு பாதிக்கு மேமோகிராம் கிடையாது. அவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும், மற்றவர்களுக்கு முதலில் ஒரு தடவை கைப்பரிசோதனை. இருபத்தைந்து வருசம் கழிச்சு, 2014இல் எண்ணினார்கள். ஆய்வுக் காலத்தில் நோய் கண்டவர்களில் இறந்தவர்கள் முதல் பாதியில் 500 பேர், மறு பாதியில் 505 பேர். இந்த ஆய்வில் படங்களின் தரம் மோசம், பெண்களைப் பிரித்த விதம் சரியில்லை என்று கடுமையாகச் சண்டை போடுகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவே 2009இல் ஐம்பதிலிருந்து போதும் என்றது; 2024இல் நாற்பதிலிருந்தே இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை எடு என்றது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பயன் உண்டு என்பதில் சான்று பலம், நாற்பதுகளில் சான்று பலவீனம், இதுதான் இன்றைய நிலை. நான் மேமோகிராமுக்கு எதிரி இல்லை. அதைச் சாமியாக்காதீங்க என்றுதான் சொல்றேன்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஒரு ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். குடிசைப் பகுதிகள்ல வாழ்ந்த ஏழைப் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை, நான்கு சுற்று, கையால் மார்பைச் சோதித்தார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணிப் பெண்கள். முடிவு 2021இல் வந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், கை வைத்துப் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 37. மற்றப் பிரிவில் 47. சாவு மொத்தத்தில் 15 சதவீதம் குறைந்தது, ஆனா அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லுது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஐம்பதுக்குக் கீழே சொல்லும்படியான பலன் இல்லை. ஆக, கையும் மந்திரக்கோல் இல்லை. ஆனா கோடி ரூபாய் மிஷின் இல்லாமல், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் விரல்கள் இவ்வளவு செய்திருக்கு.

ஒன்று கவனிங்க. இது பயிற்சி பெற்ற கை. பெண்கள் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டால் போதும் என்று பிரசுரம் அடிக்கிறாங்களே, அதை ஷாங்காய் நெசவாலைப் பெண்கள் 2,66,000 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த முடிவு, சாவு குறையவில்லை. தன் உடம்பைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. ஆனா அரசு தன் பொறுப்பைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போக அது சாக்கு ஆகக் கூடாது.

இன்னொரு கேள்வியையும் நாம கேட்டாகணும். மும்பையில மற்றப் பாதி, 76,178 பெண்கள், அவங்களுக்கு என்ன கிடைச்சுது? ஒரு தடவை விழிப்புணர்வுப் பேச்சு. அப்புறம் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வந்து, நோய் வந்துதா, உயிரோட இருக்கியா என்று விசாரிப்பு. அதே ஆய்வில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இப்படித்தான் பிரித்தார்கள். அதற்குச் சோதனை முறை உலகத்துல ஏற்கெனவே இருக்கும்போது ஒரு கூட்டத்துக்கு அதைக் கொடுக்காமல் எண்ணிக்கொண்டிருப்பது அறமா என்று மருத்துவ அறவியல் இதழ்களில் பெரிய வாதம் நடந்தது. பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் நிறுவனம். அந்த ஊர்ப் பெண்ணிடம் இப்படிச் செய்திருப்பார்களா? ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லலை. ஏழைகளின் உடம்பிலிருந்து எடுத்த அறிவு, ஏழைகளுக்குத்தான் முதலில் திரும்பி வரணும். கை வைத்துப் பார்த்தால் முற்றுவதற்கு முன்னே தெரியும் என்பது சேரிப் பெண்களின் உடம்பு கொடுத்த அறிவு. அது இன்னும் சேரிக்கு வந்து சேரலை என்பதுதான் அநியாயம்.

வந்து சேரலைன்னு எதை வச்சுச் சொல்றேன்? 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டி போட்டது. 30 முதல் 65 வயது வரை எல்லாப் பெண்களுக்கும் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை கையால் மார்பகச் சோதனை. மேமோகிராம் இல்லை, கை. ஆனா 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், வாழ்நாள்ல ஒரு தடவையாவது மார்பகச் சோதனை நடந்திருக்கா என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.9 சதவீதம். தமிழ்நாட்டுல 5.6. நாம முன்னேறிய மாநிலம் என்று சொல்லிக்கொள்ளலாம். மீதி 94 பேர் யாருன்னும் கேக்கணும்.

தோழர்களே, கை வைத்துப் பார்ப்பது என்று சொல்வது எளிது. நம்ம உடம்பு மேல யார் கை வைப்பாங்க? முப்பது வருசத்துல நான் பார்த்திருக்கேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே 'என்ன பண்ணுது' என்று கேட்டு மாத்திரை எழுதுகிறவர்கள். சேலைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை ஒரு தொடு தொட்டு எடுக்கிறவர்கள். வயலிலிருந்து நேராக வந்த பெண்ணை 'குளிச்சிட்டு வரக்கூடாதா' என்று திட்டுகிறவர்கள். எல்லாரும் அப்படி இல்லை. ஆனா அப்படி இருக்கிறவர்களைக் கேட்பார் இல்லை. தீண்டாமை டீக்கடை தம்ளரோட முடிஞ்சிடலை. நோய் தேடுகிற விரலிலும் இருக்கு. மிஷின் வந்தால் சாதி பார்க்காது என்று ஒரு தம்பி சொன்னார். தம்பி, மிஷின் சாதி பார்க்காது, சரி. வண்டியை எந்தத் தெருவில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் பார்ப்பார். 'கட்டி இருக்கு' என்று சொல்கிற பெண்ணின் வாயை மூடுகிறவர் பார்ப்பார். தொடத் தயங்குகிற கைக்கு மிஷின் ஒரு வசதியான சாக்காகவும் ஆயிடும். என் தங்கச்சிக்கு அதுதான் நடந்தது.

நம்ம வீட்டு ஆம்பளைங்களையும் விட்டுட முடியாது. பொண்டாட்டி மார்புல கட்டின்னா 'ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்' என்று மறைக்கச் சொன்னவங்க நம்ம தெருவுலயும் இருக்காங்க. மேடையில விடுதலை பேசிட்டு, தஞ்சாவூருக்குத் துணைக்குப் போக ஒரு நாள் ஒழியாதவங்களும் இருக்காங்க.

அமெரிக்காவைப் பாருங்க. அங்கே கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்களுக்கு ஈடாக மேமோகிராம் எடுத்துக்கொள்கிறார்கள். நோய் வருவதும் வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு. ஆனா அதில் சாகிறவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். கடுமையான வகைக் கட்டி அவர்களுக்கு அதிகம் வருவது ஒரு காரணம். படத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவில் விழுகிற தாமதமும் காப்பீடும் பணமும் இன்னொரு காரணம். மிஷினில் சமத்துவம் வந்துவிட்டது, உயிரில் வரவில்லை. பாபாசாகேப் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தானே: ஓட்டில் சமத்துவம், வாழ்க்கையில் சமத்துவமின்மை.

2022இல் இந்தியாவில் புதிதாக இந்த நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர், இறந்தவர்கள் 98,000 பேர் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டிருக்கு. ரெண்டு பேருக்கு வந்தா ஒருத்தர் சாவுங்கிற கணக்கு. அமெரிக்காவில் ஆறு ஏழு பேருக்கு ஒருத்தர். இந்த வித்தியாசம் மேமோகிராமால் மட்டும் வந்தது இல்லை. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவது, சீக்கிரம் முடிவு சொல்வது, சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிப்பது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் வச்ச இலக்கும் இந்த மூன்றுதான்: நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கணும், கட்டி என்று வந்தவருக்கு 60 நாளுக்குள் முடிவு சொல்லணும், நூற்றுக்கு 80 பேர் சிகிச்சையை முழுசா முடிக்கணும்.

அதனால ஏழாவது கோரிக்கையை இப்படி மாத்தி எழுதலாம்னு முன்வைக்கிறேன். விவாதிங்க, திருத்துங்க.

ஒன்று: 2016இல் அரசு சொன்னபடி முப்பது வயது தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கையால் மார்பகச் சோதனை. திரை போட்ட தனி அறையில், மரியாதையாக. பயிற்சிக்கு நம்ம தெருப் பெண்களையும் எடுக்கணும்.

இரண்டு: கையில் கட்டி தட்டினால், படத்தில் இல்லை என்று வந்தாலும் விடக்கூடாது. கைப்பரிசோதனை, படம் அல்லது ஸ்கேன், ஊசிச் சதைப் பரிசோதனை, மூன்றும் ஒத்துப் போகணும். 60 நாளுக்குள் முடிவு.

மூன்று: மேமோகிராம் மாவட்ட அளவில் ஒழுங்காக ஓடணும், படிக்கத் தெரிந்த மருத்துவரோடு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், அம்மா, அக்கா தங்கச்சிக்கு இந்த நோய் வந்தவர்களுக்கும் முன்னுரிமை. முடிவுத் தாள் தமிழில். 'இயல்பு என்றாலும் கட்டி இருந்தால் திரும்ப வரவும்' என்ற வரி கட்டாயம்.

நான்கு: திரும்பக் கூப்பிடப்படுகிற பெண்ணுக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் காசு, அன்றைய கூலி.

ஐந்து: எத்தனை பேரைச் சோதித்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும், சாதிவாரியாக வெளியிடணும். முகாமில் எத்தனை படம் எடுத்தோம் என்ற எண்ணிக்கை நமக்கு வேண்டாம்.

இங்க இருக்கிற பெண்களுக்குக் கடைசியா ஒன்னு. மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தம், தோல் தடிப்பது அல்லது குழி விழுவது, இதுல எது வந்தாலும் வலி இல்லையேன்னு இருந்துடாதீங்க. ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. பத்துல எட்டு ஒன்பது கட்டி புற்றுநோய் இல்லை, அதனால பயந்து ஒளியவும் வேண்டாம். யாராவது தொடாமலே அனுப்பினா, 'தொட்டுப் பாருங்க' என்று கேளுங்க. சத்தமாக் கேளுங்க. உங்க மகள் வயசுல ஒரு மாணவி கூட வந்து நின்னு கேக்கட்டும்.

நான் என் தங்கச்சிகிட்ட அந்தத் தாளை வாங்கிப் படிச்ச அன்னைக்கு, அதைக் கீழே வச்சுட்டு, 'எங்கடி கட்டி, காட்டு' என்று கேட்டிருக்கணும். கேக்கலை. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு இந்த மேடை ஏறினேன்.